களத்து நெல்லில் பத்தில் ஒன்று

குர்ஆன் நெல்லைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. விளைச்சலில் உரியதை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடச் சொல்லும் ஆறாம் அத்தியாயத்தின் 141ஆம் வசனத்தில் பேரீச்சை உண்டு, ஆலிவ் உண்டு, மாதுளை உண்டு, பொதுவாகப் பயிர் என்பதும் உண்டு. கட்டாய தர்மமாகிய ஜகாத் பற்றிய நபிமொழிகள் சில கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உலர்திராட்சை என்று நான்கைச் சொல்கின்றன. நான்கும் அரபு மண்ணில் விளைந்தவை. அப்படியானால் பாபநாசம் பக்கத்து ராஜகிரியிலோ பண்டாரவாடையிலோ சம்பா அறுத்துக் களத்தில் அம்பாரம் குவித்த ஒரு முஸ்லிம் மிராசுதார் எதை, எவ்வளவு, எந்தக் கணக்கில் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிமுறைக்குத்தான் உசூலுல் ஃபிக்ஹ் என்று பெயர். ஒரு சட்டத்தை எந்த ஆதாரத்திலிருந்து, எந்த ஒழுங்கில், எந்தக் காரணம் காட்டி எடுக்கலாம் என்று சொல்லும் கலை அது. மதரஸாக்களில் அரபு இலக்கணமும் தர்க்கமும் ஓதி முடித்த பிறகே மாணவர்கள் இதில் கை வைப்பார்கள். காகிதத்தில் வறண்டு தெரியும் இந்தக் கலை காவிரிப் படுகையில் வாய்க்காலோடும் களத்தோடும் கலந்து கிடந்தது. இப்பகுதி முஸ்லிம்களின் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பக்கம் இது.

டெல்டாவுக்குள் இஸ்லாம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், அதிராம்பட்டினம் என்று கடலோரம் நெடுக மரக்காயர்களின் ஊர்கள். அரபு வணிகத்தோடும் மலபார்க் கரையோடும் உறவு கொண்டவர்கள் அவர்கள்; பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது சட்டப் பள்ளியைப் பின்பற்றுபவர்கள். உள்நாட்டு நஞ்சை ஊர்களில் ராவுத்தர்கள் அதிகம். குதிரைப்படை மரபைத் தம் முன்னோர்க்குச் சொல்லிக்கொள்ளும் அவர்கள் ஹனஃபி மத்ஹபினர். இன்றும் இப்பகுதித் தொழுகை நேர அட்டவணைகளில் பிற்பகல் தொழுகையான அஸருக்கு இரண்டு நேரம் அச்சாவதைப் பார்க்கலாம். ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமாக வளர்ந்ததும் ஷாஃபிஈக்கு அஸர் தொடங்கிவிடும். ஹனஃபிக்கு அது இரண்டு மடங்காக வேண்டும். கடல்மீன் விஷயத்திலும் இதே கதைதான். ஹனஃபி நூல்கள் கடல் உயிர்களில் மீனை மட்டுமே அனுமதிப்பதால் இறால் மீனா இல்லையா என்று பக்கம் பக்கமாக வாதம் நடந்திருக்கிறது. நாகூர்க்காரருக்கு அந்தக் கவலையே இல்லை.

இவற்றை வெறும் சில்லறை வேறுபாடுகளாகப் பார்ப்பது பிழை. அடியில் இரண்டு ஆய்வுமுறைகள் நிற்கின்றன.

கூஃபா நகரின் துணி வணிகர் அபூ ஹனீஃபா 767இல் இறந்தார். அதே ஆண்டு காஸாவில் ஷாஃபிஈ பிறந்தார். அபூ ஹனீஃபாவின் மாணவர்கள் இருவர், அபூ யூசுஃபும் முஹம்மத் ஷைபானியும், ஆசிரியரோடு ஒத்தும் முரண்பட்டும் ஹனஃபி சட்டத்தை வளர்த்தார்கள். ஷாஃபிஈ பக்தாதில் ஷைபானியிடமே பாடம் கேட்டவர். பிறகு 'ரிஸாலா' என்ற நூலை எழுதி, குர்ஆன், நபிவழி, அறிஞர்களின் ஒருமித்த முடிவாகிய இஜ்மா, ஒப்புநோக்கிச் சட்டம் எடுக்கும் கியாஸ் என்று ஆதாரங்களுக்கு ஒழுங்கு கட்டினார். நீதிபதி தனக்கு நல்லதென்று பட்டதை வைத்துக் கியாஸிலிருந்து விலகக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். ஹனஃபிகளோ கியாஸ் மக்களுக்கு இடுக்கண் தரும் இடத்தில் இஸ்திஹ்சான் என்ற பெயரில் விலக இடம் வைத்தார்கள். ஊர் வழக்கத்துக்கும் கூடுதல் எடை கொடுத்தார்கள்.

இனி நெல்லுக்கு வருவோம்.

ஷாஃபிஈ அறிஞர்கள் கேட்டது இது: கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் ஜகாத் விதிக்கப்பட்டதன் காரணம் என்ன? அவை மனிதர் வயிறு நிரம்ப உண்டு வாழும் உணவு. சேமித்து வைக்கத்தக்க உணவு. இந்தக் காரணம் நெல்லிலும் இருக்கிறது, ஆகவே நெல்லுக்கும் ஜகாத். 13ஆம் நூற்றாண்டில் சிரியாவின் நவவீ எழுதிய 'மின்ஹாஜ்' அரிசியைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்க்கிறது. அதோடு நிற்கவில்லை. ஐந்து வஸக்குக்குக் குறைந்த விளைச்சலுக்கு ஜகாத் இல்லை என்பது நபிமொழி. உமியோடு சேமிக்கப்படும் நெல்லுக்கு அந்த வரம்பு பத்து வஸக்கு என்று நவவீ எழுதுகிறார். அரிசியாக்கும்போது உமி போய்விடும் அல்லவா! நெல்வயலைத் தினமும் பார்த்திராத ஒரு டமாஸ்கஸ் அறிஞர் பத்தாயத்து நெல்லுக்கும் உலையில் போடும் அரிசிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கில் எடுத்திருப்பது வியப்பாக இருக்கிறது. ஐந்து வஸக்கு இன்றைய பரவலான கணக்கில் ஏறக்குறைய 650 கிலோ. நெல்லுக்கு அது 1,300 கிலோ ஆகிறது; கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் 32, 33 சிப்பம்.

கியாஸையே ஏற்காதவர்களும் இருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம், நபி பெயர் சொன்ன தானியத்தைத் தாண்டி ஜகாத் விதிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்றார். அவர் கணக்கில் கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சைக்கு மட்டுமே ஜகாத். அவர் வழி இங்கே பரவியிருந்தால் தஞ்சை நெல் முழுவதும் ஜகாத்துக்கு வெளியே நின்றிருக்கும். அறுவடைக் காலத்தில் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய மூட்டைகள் போய்ச் சேர்ந்திருக்க மாட்டா.

ஹனஃபி வழி வேறு திசையில் போனது. வானமும் ஊற்றும் நீர் பாய்ச்சிய விளைச்சலில் பத்தில் ஒன்று என்று ஒரு நபிமொழி பொதுவாகச் சொல்கிறது. ஐந்து வஸக்குக்குக் கீழே இல்லை என்று இன்னொன்று குறிப்பாகச் சொல்கிறது. குறிப்பானது பொதுவானதைச் சுருக்கிவிடும் என்பது ஷாஃபிஈயின் உசூல். பொதுவான சொல்லும் குறிப்பான சொல்லுக்கு நிகரான உறுதி உடையது, அவ்வளவு எளிதில் அதைச் சுருக்க முடியாது என்பது ஹனஃபிகளின் உசூல். அதனால் அபூ ஹனீஃபாவிடம் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. விறகு, நாணல், புல் போன்றவை நீங்கலாக மண்ணில் பயிரிட்ட எல்லாவற்றிலும் உஷ்ர், அதாவது விளைச்சல் ஜகாத், உண்டு. அவருடைய மாணவர்கள் இருவரும் இதை ஏற்காமல் ஐந்து வஸக்கு வரம்பின் பக்கம் நின்றார்கள். டெல்டாவில் இதன் விளைவு கண்கூடு. திருவையாற்று வாழைத்தோப்பில் அபூ ஹனீஃபாவின் கருத்துப்படி உஷ்ர் உண்டு. ஷாஃபிஈ கருத்துப்படி இல்லை, ஏனெனில் வாழைக்காயைச் சேமித்துவைத்து ஆண்டு முழுதும் உண்ண முடியாது. ஒரு இலக்கணப் பிரச்சினை போலத் தெரியும் பொது, குறிப்பு விவாதம் தோப்பின் வேலியில் வந்து நிற்கிறது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் சுவையானது. தானாகப் பாயும் நீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. உழைப்பும் செலவும் கூடுவதால் கடமை பாதியாகிறது. காவிரி வாய்க்கால் எந்தப் பக்கம்? கல்லணையில் பிரிந்து மதகும் மடையும் தாண்டி வயலுக்கு வரும் நீருக்குப் பின்னால் எவ்வளவு வெட்டுவேலை, எவ்வளவு தூர்வாரல்! ஆனாலும் பேராற்றிலிருந்து வெட்டிய கால்வாய்ப் பாசனத்துக்கு முழுப் பத்தில் ஒன்று என்கிறார்கள் ஷாஃபிஈ அறிஞர்கள். வாய்க்கால் வெட்டும் செலவு நிலத்தைச் சீர்படுத்தும் செலவு. வெட்டியபின் நீர் தானாகவே வருகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஏற்றமும் கவலையும் இறைத்த வயலுக்குப் பாதி. குறுவைக்கு ஆற்று நீர் பொய்த்து, பாதிப் பயிரை ஃபில்டர் பாயிண்ட் மோட்டார் காப்பாற்றினால்? இரண்டும் சமமாகப் பாய்ந்த வயலுக்குப் பத்தில் முக்கால் பங்கு, அதாவது நூற்றுக்கு ஏழரை என்று பழைய நூல்களிலேயே விடை இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதை மட்டும் அவை எதிர்பார்க்கவில்லை. பாதியாகக் குறைத்ததன் காரணம் இறைப்பு என்ற செயலா, இறைப்பவர் ஏற்கும் செலவா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஆலிம்சா உட்கார்ந்தால் அவர் உசூல் செய்கிறார் என்று பொருள்.

நெல் உசூல் நூல்களில் இன்னோர் இடத்திலும் வருகிறது, அதுவும் பாடநூல் உதாரணமாக. பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு ஆகிய ஆறையும் ஒரே இனத்துக்குள் மாற்றிக்கொண்டால் சமமாகவும் கைக்குக் கையாகவும் மாற்ற வேண்டும், கூடுதல் வாங்குவது வட்டி என்பது நபிமொழி. அரிசிக்கு இது பொருந்துமா? பொருந்தும் என்பதில் இரண்டு மத்ஹபும் ஒன்று. காரணத்தில்தான் பிரிகிறார்கள். அளந்தோ நிறுத்தோ விற்கும் பொருள் என்பதும் ஒரே இனம் என்பதும் ஹனஃபி காரணம். உணவுப்பொருள் என்பது ஷாஃபிஈ காரணம். சோழர் கல்வெட்டுக் காலம் முதல் நெல்லைக் கொடுத்து நெல்லாகவே பொலிசை என்ற வட்டி வாங்கிப் பழகிய நாடு இது. ஆடியில் ஒரு கலம் கடன் கொடுத்துத் தையில் ஒன்றரைக் கலம் அளந்து வாங்குவது இந்தச் சட்டத்தின் கண்ணில் நேரடியான வட்டி. மோட்டா நெல் இரண்டு மரக்கால் கொடுத்துச் சன்ன ரகம் ஒரு மரக்கால் வாங்குவதும் கூடாது. மட்டமானதைப் பணத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் நல்லதை வாங்கிக்கொள்ள வேண்டும். கைபரின் பேரீச்சம்பழம் பற்றி நபி சொன்ன வழி அது.

கூலிக்கும் இதேபோல ஒரு முடிச்சு. மாவு அரைப்பவனுக்கு அவன் அரைத்த மாவிலிருந்தே கூலி பேசக் கூடாது என்று ஒரு தடை உண்டு. டெல்டாவிலோ அறுப்புக் கூலி, போரடிக்கும் கூலி எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் களத்து நெல்லில்தான். ஹனஃபி நூல்கள் இதற்கு வழி சொல்கின்றன: இந்த அம்பாரத்திலிருந்து என்று பேசாமல், இத்தனை மரக்கால் நெல் என்று பொதுவாகப் பேசிக்கொள், பிறகு அதே அம்பாரத்திலிருந்து அளந்து கொடுத்தாலும் குற்றமில்லை. பல்க் நகரத்து ஹனஃபி அறிஞர்கள் ஒரு படி மேலே போனார்கள். நெசவாளிக்கு நெய்த துணியிலேயே பங்கு கொடுக்கும் தம் ஊர் வழக்கத்தைச் சான்றாக்கி அதை அனுமதித்தார்கள். வழக்கம் எங்கே சட்டமாகலாம், எங்கே ஆகாது என்ற எல்லைக்கோடு இங்கேதான் ஓடுகிறது.

வாரச் சாகுபடியும் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. விளைச்சலில் பங்கு பேசி நிலத்தை விடுவதை அபூ ஹனீஃபா ஏற்கவில்லை. என்ன விளையும் என்று தெரியாத ஒன்றைக் கூலியாகப் பேசுவது அது. அபூ யூசுஃபும் ஷைபானியும் அனுமதித்தார்கள். பிற்கால ஹனஃபிகள் ஆசிரியரை விட்டு மாணவர்களின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மக்களின் தேவையும் நடைமுறையும் அவ்வளவு அழுத்தமானவை. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்து வாரத்தைத் தனியே அனுமதிப்பதில்லை. நவவீ போன்ற சிலர் அனுமதியின் பக்கம் சாய்ந்தார்கள். 1952இன் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்தபோது, உஷ்ரை யார் கொடுப்பது என்ற பழைய கேள்வியின் கணக்கும் மாறியது. அவரவர் பங்குக்கு அவரவர் என்பது மாணவர்கள் இருவரின் கருத்து.

இந்த வாதங்களை இங்கே யார் கற்பித்தார்கள்? கடலோரத்தில் மலபாரின் பொன்னானி செல்வாக்கு. மஅபர் என்று அரபியர் அழைத்த சோழமண்டலக் கரையிலிருந்து போன மக்தூம் குடும்பத்து ஸைனுத்தீன் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்' ஷாஃபிஈ மாணவர்களின் பாடநூல். அரபி தெரியாதவர்களுக்கு அரபுத்தமிழ் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) ஷாஃபிஈ சட்டத்தை அந்த எழுத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்தார். உள்நாட்டில் நீடூர் மிஸ்பாஹுல் ஹுதா, வீராணம் ஏரிக்கரை லால்பேட்டை மன்பவுல் அன்வார் போன்ற மதரஸாக்கள். ஔரங்கசீப்பின் ஆசிரியர் முல்லா ஜீவன் எழுதிய 'நூருல் அன்வார்' ஹனஃபி மதரஸாக்களின் நீண்டகால உசூல் பாடநூல்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு பெயர் உண்டு. லக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்து அப்துல் அலீ பஹ்ருல் உலூம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் அழைப்பில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக்கு வந்தார். 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கொண்டு தஞ்சையைப் பிடித்து 1776 வரை வைத்திருந்த அதே வாலாஜாதான். 'முஸல்லமுஸ் ஸுபூத்' என்ற உசூல் நூலுக்கு பஹ்ருல் உலூம் எழுதிய உரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் பூலாக் அச்சகத்தில், கஸ்ஸாலியின் 'முஸ்தஸ்ஃபா'வோடு சேர்த்து அச்சானது. இன்றும் உலகெங்கும் உசூல் மாணவர்கள் அந்த உரையைப் புரட்டுகிறார்கள். அவர் 1810இல் சென்னையில் இறந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருப்பது தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரியாது என்பது வருத்தம் தருகிறது.

1799இல் தஞ்சை கம்பெனி ஆட்சிக்குப் போனது. நீதிமன்றங்களில் மௌலவிகள் சட்ட அதிகாரிகளாக உட்கார்ந்து ஆங்கிலேய நீதிபதிக்குச் சட்டம் சொன்ன ஏற்பாடு 1864இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் நீதிபதிகள் மொழிபெயர்ப்புகளையே நம்பினார்கள். ஹனஃபி சட்டத்துக்கு சார்லஸ் ஹாமில்டனின் 1791ஆம் ஆண்டு 'ஹிதாயா'. ஷாஃபிஈ சட்டத்துக்கு நவவீயின் அதே 'மின்ஹாஜ்' வந்த வழி நீளமானது: டச்சு ஆட்சியில் ஜாவா முஸ்லிம்களுக்காக வான் டென் பெர்க் பிரெஞ்சில் பெயர்த்தார், அதிலிருந்து ஹவர்டு 1914இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இரண்டு மொழி தாண்டி வந்த நூலில் முடிவுகள் தப்பிப் பிழைத்தன. அந்த முடிவுகளுக்கு இட்டுச் சென்ற வாதம், அதாவது உசூல், வழியிலேயே நின்றுவிட்டது. ஆலிம் காரணத்தைத் தேடிய இடத்தில் நீதிமன்றம் முன்தீர்ப்பைத் தேடத் தொடங்கியது.

நிலமே சொத்தான இப்பகுதியில் இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது. 1937இன் ஷரீஅத் சட்டம் வாரிசுரிமையில் வழக்காற்றை ஒதுக்கிவிட்டு இஸ்லாமியச் சட்டத்தை நிறுத்தியது, விவசாய நிலம் நீங்கலாக. 1935இன் இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நில வாரிசுரிமை மாகாணங்களின் கையில் இருந்ததுதான் காரணம். வீட்டுக்கும் நகைக்கும் ஷரீஅத், நஞ்சைக்கு மட்டும் வழக்காறு நுழைய இடம் என்ற நிலை. மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு என்று குர்ஆன் உறுதியாக வகுத்த பங்கு, வயலில் வழக்கத்தின் தயவில் நின்றது. சென்னை மாகாணம் 1949இல் தன் 18ஆம் எண் சட்டத்தால் அந்த விலக்கை நீக்கியது. டெல்டாவின் முஸ்லிம் பெண்களுக்கு அந்தச் சின்னத் திருத்தம் எவ்வளவு பெரியது என்பதைப் பட்டா வைத்திருக்கும் குடும்பங்கள் அறியும்.

உசூலின் வாதம் மறுபடி நீதிமன்றத்தில் தலைகாட்டியது திருவாரூரை ஒட்டிய கொடிக்கால்பாளையத்தின் வழக்கில். ஊர்ப் பள்ளிவாசலும் அடக்கத்தலமான மையவாடியும் யாருடையவை? தலைமுறைகளாகத் தொழுகை நடத்திவந்த லெப்பைக் குடும்பத்தார் தமக்கு உரிமை கோரினார்கள். ஊர் முஸ்லிம்கள் பொது என்றார்கள். நீண்ட காலம் நடந்த சச்சரவு 1976இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நீதிபதி முர்தஸா ஃபஸல் அலீ எழுதிய தீர்ப்பு, ஓர் இடம் பள்ளிவாசலாக வக்ஃப், அதாவது நிலையான அறக்கொடை, ஆவதற்கு என்ன வேண்டும் என்பதை வகுத்தது: நிறுவியவர் அதைப் பள்ளிவாசலுக்கு அர்ப்பணிக்கும் எண்ணத்தைச் சொல்லாலோ நடத்தையாலோ காட்டியிருக்க வேண்டும்; தன் உடைமையிலிருந்து முழுக்க விலகியிருக்க வேண்டும்; பொதுமக்கள் வந்துபோகத் தனி வழி இருக்க வேண்டும். பின்னால் சேர்த்துக் கட்டியவையும் பள்ளியின் பகுதியே. மையவாடியில் நெடுங்காலமாக ஊரார் பலரும் அடக்கம் செய்யப்பட்டு வந்திருந்தால் அது பொது மையவாடி. பிறகு அங்கே அடக்கம் நின்றுபோனாலும் அந்தத் தன்மை போகாது.

வக்ஃப் வாய்ச்சொல்லால் முழுமையாகிறது என்ற அபூ யூசுஃபுக்கும், ஒப்படைத்தால்தான் முழுமை என்ற ஷைபானிக்கும் நடந்த பக்தாத் காலத்து விவாதம் இந்த நிபந்தனைகளுக்கு அடியில் இருக்கிறது. எழுத்துப் பத்திரம் கேட்காமல், ஊரார் தொழுததையும் புதைத்ததையும் சான்றாக ஏற்றதால்தான் கொடிக்கால்பாளையத்துப் பள்ளிவாசலும் மையவாடியும் பொதுச் சொத்தாக நிலைத்தன. நாட்டின் பல பகுதிகளில் வக்ஃப் வழக்குகளில் வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.